எஸ்.ஆர்.ஏ போய் எஃப்.சி.ஏ வருகிறது: சிறிய சொலிசிட்டர் அலுவலகங்கள் பணச்சலவைத் தடுப்புக் கோப்புகளை இப்போதே ஒழுங்குபடுத்துவது எப்படி?

லண்டனில் புதிதாகச் சொந்த அலுவலகம் திறந்திருக்கும் சொலிசிட்டர்களுக்கும், அப்படியான அலுவலகத்தில் “ஏ.எம்.எல் (பணச்சலவைத் தடுப்பு) வேலையெல்லாம் இனி நீங்கள் பாருங்கள்” என்று பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இரண்டாவது வகை. வீடு வாங்கல் விற்றல், கடை கைமாற்றம், கொஞ்சம் குடிவரவு வழக்கு என்று ஓடுகிற அலுவலகம் எங்களுடையது. மேற்பார்வையாளர் கோப்புகளைக் கேட்டபோதுதான் இந்த வேலையின் முழு அளவு தெரிந்தது. விதிகள் ஓரிடத்தில், நூற்றுக்கணக்கான பக்க வழிகாட்டல் இன்னோரிடத்தில், படிவங்கள் வேறோரிடத்தில் கிடக்கின்றன. எதை முதலில் செய்வது என்று சொல்ல ஆளில்லை. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் வரிசைப்படுத்தித் தருகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் அலுவலகங்களை வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. எது மாறுகிறது, எது மாறவில்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இப்போது சொலிசிட்டர் அலுவலகங்களின் பணச்சலவைத் தடுப்பை மேற்பார்வை செய்வது, சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஸ்.ஆர்.ஏ. சட்டத்துறை, கணக்கியல் துறை இரண்டையும் சேர்த்தால் இப்படி 22 தொழில் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றைக் கண்காணிக்க 2018இலிருந்து, நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.ஏ.க்குள் ‘ஒப்பாஸ்’ என்று ஒரு பிரிவு இயங்குகிறது.

2025 அக்டோபரில் பிரித்தானிய நிதியமைச்சு தன் முடிவை அறிவித்தது. இந்த 22 அமைப்புகளின் பணச்சலவை மேற்பார்வை முழுவதும் எஃப்.சி.ஏ.யிடம் போகும். இதுவரை வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி பார்த்துவந்த கணக்காளர்கள், கம்பனி பதிவுச் சேவை செய்பவர்களும் அங்கேயே போவார்கள். எஃப்.சி.ஏ.க்கு என்னென்ன அதிகாரம் கொடுப்பது என்ற கருத்துக்கேட்பு 2025 நவம்பரில் தொடங்கி டிசம்பர் 24 வரை நடந்தது. பதிவு, தகுதிச் சோதனை, தகவல் கேட்கும் அதிகாரம், தண்டனை எல்லாம் அதில் இருந்தன. நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறிய பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும். அதுவரை எஸ்.ஆர்.ஏ.தான் உங்கள் மேற்பார்வையாளர். அதன் பிறகும் தொழில் ஒழுங்கு, அனுமதிப்பத்திரம், வாடிக்கையாளர் பணக் கணக்கு விதிகள் எஸ்.ஆர்.ஏ.யிடமே இருக்கும். அதாவது ஒரே அலுவலகத்துக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள்.

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியது அதே 2017ஆம் ஆண்டுப் பணச்சலவை விதிகள்தான். கோப்பைத் திறந்து பார்க்கப்போகிறவர் மட்டும் மாறுகிறார்.

கவனிக்க: “எஃப்.சி.ஏ வரட்டும், அப்போது பார்க்கலாம்” என்று பலர் சொல்லக் கேட்கிறேன். ஆபத்தான பேச்சு. இன்றைக்குத் திறக்கிற கோப்பு அடுத்த வருடம் முடிந்தால், அதிலிருந்து இன்னும் 5 வருடம் ஏ.எம்.எல் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். இன்று அரைகுறையாக விட்ட கோப்பு அன்றைக்கும் உங்கள் அலுமாரியில்தான் இருக்கும். எஸ்.ஆர்.ஏ.யும் சும்மா இருக்கவில்லை. சாதாரண அலுவலகங்களுக்குத் தானாகவே விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 2022 ஜூலையில் 2,000 பவுண்டிலிருந்து 25,000 ஆனது. பொருளாதாரக் குற்றம் சார்ந்த விஷயங்களில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உச்சத்தையும் எடுத்துவிட்டது. இடர் மதிப்பீடு எழுதி வைக்காத சின்னச் சின்ன அலுவலகங்கள் அபராதம் கட்டிய முடிவுகள் எஸ்.ஆர்.ஏ தளத்திலேயே வரிசையாகக் கிடக்கின்றன. பத்து முடிவுகளை வாசித்துப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அதில் கற்றுக்கொள்ளலாம்.

2. உங்கள் வேலையில் எது விதிக்குள் வருகிறது என்று பட்டியல் போடுங்கள்

வீடு, காணி வாங்கல் விற்றல், வியாபாரம் வாங்கல் விற்றல், வாடிக்கையாளரின் பணத்தையும் சொத்தையும் நிர்வகிப்பது, வங்கிக் கணக்குத் திறந்து நடத்துவது, கம்பனியோ டிரஸ்டோ உருவாக்குவது எல்லாம் உள்ளே. வரி ஆலோசனையும் உள்ளே. குடிவரவு, அகதி வழக்கு, குற்ற வழக்கு, நீதிமன்ற வழக்காடல் பொதுவாக வெளியே.

தடுக்கி விழும் இடங்கள் இடையில்தான் இருக்கின்றன. விவாகரத்து வழக்கு வெளியே, ஆனால் அதன் முடிவில் வீட்டை மனைவி பேருக்கு மாற்றும் வேலை உள்ளே. உயில் எழுதிக் கொடுப்பது மட்டும் என்றால் பெரும்பாலும் வெளியே, இறந்தவரின் சொத்தைத் திரட்டிப் பங்கிட்டுக் கொடுப்பது உள்ளே. “நாங்கள் குடிவரவு அலுவலகம், வருடத்துக்கு நாலைந்து வீடுதான் செய்கிறோம்” என்பது பதிலாகாது. அந்த நாலைந்து வீட்டுக்கும் இடர் மதிப்பீடு, கொள்கை, பயிற்சி எல்லாம் வேண்டும்.

3. ஆட்களை நியமித்து 14 நாளுக்குள் அறிவியுங்கள்

இரண்டு பொறுப்புகள். ஒன்று எம்.எல்.சி.ஓ. விதிகள் கடைப்பிடிக்கப்படுவதற்குப் பொறுப்பான, நிர்வாக மட்டத்தில் இருக்கும் ஒருவர். மற்றது எம்.எல்.ஆர்.ஓ. சந்தேகங்களைக் கேட்டு, தேவையானால் தேசியக் குற்றவியல் முகமைக்கு அறிக்கை அனுப்புபவர். சின்ன அலுவலகத்தில் ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம். நியமித்தாலும் மாற்றினாலும் 14 நாளுக்குள் மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். ஊழியர் எவருமில்லாமல் தனியாளாக நடத்துபவருக்கு இந்த நியமனம் தேவையில்லை, ஆனால் அடுத்த படியிலுள்ள இடர் மதிப்பீடு அவருக்கும் உண்டு.

உரிமையாளர்கள், இயக்குநர்கள், மேலாளர்கள் மேற்பார்வையாளரின் அங்கீகாரம் பெற வேண்டும். அதற்குக் குற்றப்பதிவுச் சான்று கேட்பார்கள். அடிப்படை டி.பி.எஸ் சான்றின் அரச கட்டணம் 2024 டிசம்பரிலிருந்து 21.50 பவுண்ட். இடையில் ஒரு நிறுவனம் மூலம் எடுத்தால் சேவைக் கட்டணம் கூடும். புதிய பங்காளர் வருகிறார் என்றால் அங்கீகாரம் கிடைக்கும் முன் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டாம்.

4. அலுவலக இடர் மதிப்பீட்டை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்

மேற்பார்வையாளர் முதலில் கேட்பது இதைத்தான். விதி 18 சொல்வது ஐந்து தலைப்பு: உங்கள் வாடிக்கையாளர்கள், தொடர்புள்ள நாடுகள், தரும் சேவைகள், கைமாற்றங்களின் வகை, வாடிக்கையாளரை நேரில் சந்திக்கிறீர்களா இல்லையா. எஸ்.ஆர்.ஏ.யின் மாதிரிப் படிவம் இலவசம். எஸ்.ஆர்.ஏ.யின் துறைசார் இடர் மதிப்பீட்டையும், 2025 ஜூலையில் வந்த தேசிய இடர் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள்.

ஆலோசகர்கள் விற்கும் தயார்ப் பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு ஒன்று விற்கப்பட்டது. வழவழ அட்டை, நாற்பது பக்கம். உள்ளே பார்த்தால் எங்களிடம் இல்லாத சர்வதேசக் கிளைகளைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பெட்ரோல் நிலையம், ஓஃப் லைசன்ஸ் (மது விற்கும்) கடை நடத்துபவர்கள் நிறையப் பேர் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரிதான் முக்கியம்.

உங்கள் உண்மை நிலவரத்தை எழுதுங்கள். எத்தனை வீதம் வாடிக்கையாளர்கள் ரொக்கம் புழங்கும் வியாபாரம் செய்கிறார்கள்? எத்தனை கோப்புகளில் இலங்கை, இந்தியா, சுவிஸ், கனடாவிலிருந்து பணம் வருகிறது? எத்தனை பேரைத் தொலைபேசியில் மட்டுமே சந்தித்தீர்கள்? கடந்த பன்னிரண்டு மாதக் கோப்புகளை எண்ணினால் பதில் வந்துவிடும். இலங்கை 2019 அக்டோபரில் பணச்சலவை தொடர்பான சர்வதேசக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதை வைத்து ‘நாட்டு இடர் எதுவுமில்லை’ என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம். பணம் எந்த வழியாக வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தேதி, எழுதியவர் பெயர், அடுத்து எப்போது திருத்துவோம் என்பது மூன்றும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். நாங்கள் வருடத்துக்கொரு தடவை, தவிர புதுவகை வேலை எடுக்கும்போதும் திருத்துகிறோம்.

5. கொள்கைப் பத்திரம் சுருக்கமாக இருக்கட்டும்

மதிப்பீட்டில் எழுதிய ஒவ்வோர் இடருக்கும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே கொள்கை. செய்யாத எதையும் எழுத வேண்டாம். ‘ஒவ்வொரு வாடிக்கையாளரையும் மாதந்தோறும் மறுபரிசோதனை செய்வோம்’ என்று எழுதிவிட்டுச் செய்யாமல் இருந்தால், உங்கள் பத்திரமே உங்களுக்கு எதிரான சாட்சி. சட்டத்துறை மேற்பார்வை அமைப்புகள் சேர்ந்து எழுதிய எல்.எஸ்.ஏ.ஜி வழிகாட்டல் நிதியமைச்சின் ஒப்புதல் பெற்றது, இலவசம். அதன் ஒழுங்கிலேயே எழுதினால் எதுவும் விடுபடாது.

6. ஒவ்வொரு கோப்பிலும் ‘ஏன்’ என்று எழுதுங்கள்

வேலையில் பாதி இங்கேதான். பாஸ்போர்ட் பிரதி, முகவரிச் சான்று, மின்னணுச் சோதனையின் பச்சை அடையாளம் மூன்றும் இருந்தால் ஏ.எம்.எல் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது ஆள் யார் என்பதை மட்டும் சொல்லும். இந்த வாடிக்கையாளர், இந்த வேலை, இந்தப் பணம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று நீங்கள் யோசித்த தடயம் கோப்பில் வேண்டும். 2023இல் எஸ்.ஆர்.ஏ எச்சரிக்கை அறிவிப்பே விட்டது இந்த வாடிக்கையாளர், கோப்பு இடர் மதிப்பீடு இல்லாமல் இருப்பதைப் பற்றித்தான்.

ஓர் உதாரணம். ஹரோவில் வீடு வாங்க வருகிறார் ஒருவர். முற்பணம் 60,000 பவுண்ட். சம்பளச் சேமிப்பு 25,000, சீட்டு எடுத்தது 20,000, சுவிஸிலுள்ள அண்ணன் தந்தது 15,000.

சேமிப்புக்கு வங்கி அறிக்கை. எத்தனை மாதம் என்று விதியில் எண் எதுவும் இல்லை. நாங்கள் ஆறு மாதம் கேட்கிறோம். பணம் அதற்கு முன்பே சேர்ந்திருந்தால் மேலும் பின்னோக்கிப் போகிறோம். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு, பி60 (வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்று).

அண்ணன் தந்ததற்கு அன்பளிப்புக் கடிதம் மட்டும் போதாது. அண்ணனின் அடையாளச் சான்று, அவருடைய வங்கி அறிக்கை, அந்தப் பணம் அவரிடம் எப்படி வந்தது என்ற சான்று மூன்றும் வேண்டும். பணம் அவர் கணக்கிலிருந்து நேராக வந்ததா, இடையில் மச்சான் கணக்கு, பெறாமகன் கணக்கு என்று சுற்றி வந்ததா என்று பாருங்கள். சுற்றி வந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும்.

சீட்டுத்தான் பெரிய தலையிடி. நம் ஆட்களுக்கு அது சர்வ சாதாரணம். வெள்ளைக்காரப் பரிசோதகருக்கு விளங்காத ஒன்று. அதனால் மறைக்காமல் விளக்கி எழுதுங்கள். எத்தனை பேர் சேர்ந்த சீட்டு, மாதம் எவ்வளவு, எப்போது தொடங்கியது, எத்தனையாவது மாதம் எடுத்தார், கழிவு எவ்வளவு போனது, சீட்டுப் பிடிப்பவர் யார். மாதக்காசு கட்டியது வாடிக்கையாளரின் வங்கி அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் தெரிந்தால் பாதி நிம்மதி. சீட்டுப் பிடிப்பவரிடமிருந்து கையொப்பமிட்ட கடிதம், கொப்பிப் பக்கத்தின் படம், மொழிபெயர்ப்பு வாங்குங்கள். எல்லாம் ரொக்கமாகக் கட்டி ரொக்கமாக எடுத்தது, எங்கேயும் எழுத்தில் இல்லை என்றால், அந்த 20,000ஐ ஏற்க முடியாது என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளர் கோபிப்பார். கோபிக்கட்டும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு கோப்பில் இப்படி ஒரு குறிப்பு வர வேண்டும்: “20,000 சீட்டுப் பணம். இருபது மாத வங்கி அறிக்கையில் மாதம் 1,200 போவது தெரிகிறது. எடுத்த தொகை சீட்டுப் பிடிப்பவரின் கணக்கிலிருந்து ஒரே தடவையில் வந்துள்ளது. அவருடைய கடிதத்துடன் தொகை, தேதி பொருந்துகின்றன. வருமானத்துக்கு இந்த மாதக்காசு தாங்கக்கூடியது. இடர் நடுத்தரம். ஏற்கப்படுகிறது.” கீழே தேதி, கையொப்பம். இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், வாசிக்கப்போகிறவருக்கு அதுதான் வேண்டும்.

ஊர்க்காணி விற்ற காசு என்றால் உறுதியின் பிரதி, மொழிபெயர்ப்பு, விற்ற பணம் ஊர் வங்கியில் விழுந்த அறிக்கை, அங்கிருந்து இங்கே வங்கி வழியாக வந்த அறிக்கை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கேளுங்கள். “ஊரில் காசைக் கொடுத்தோம், இங்கே ஒருவர் கொண்டுவந்து தந்தார்” என்று உண்டியல் (வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் முறை) கதை வந்தால் அங்கேயே வேலையை நிறுத்தி எம்.எல்.ஆர்.ஓ.விடம் போங்கள்.

அரசியல் பதவியிலுள்ளவர்களையும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தையும் தனியாகப் பாருங்கள். இலங்கை நாடாளுமன்ற உறுப்பினரின் மகள் இங்கே வீடு வாங்கினால், நிர்வாக மட்ட ஒப்புதல், அவருடைய செல்வம் எப்படிச் சேர்ந்தது, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் விதி 35இன்படி தேவை. அரசின் தடைப்பட்டியலில் பெயர் தேடுவது இலவசம். தேடிய நாளின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) கோப்பில் போட்டுவையுங்கள்.

வாங்குவது கம்பனி என்றால் அரச கம்பனிப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸ் பதிவையும் உண்மையான உரிமையாளரையும் ஒப்பிடுங்கள். முக்கியமான பொருத்தமின்மை இருந்தால் அங்கே அறிவிப்பது உங்கள் கடமை.

இரண்டு பொறிகள். முதலாவது, பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து முடியும்வரை அலுவலகத்தின் வாடிக்கையாளர் கணக்கு இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம். சந்தேகமான பணம் உள்ளே வந்துவிட்டால் திருப்பி அனுப்புவதுகூடச் சிக்கல். இரண்டாவது, ஒப்பந்தம் பரிமாறும் முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பரிமாறிய பிறகு சந்தேகம் வந்தால், ஒரு பக்கம் முடிவுத் தேதி நெருக்கும், மறுபக்கம் சட்டம் நகரவிடாது. வீட்டுத் தரகர் “இன்னுமா?” என்று தினமும் போன் அடிப்பார். பரிசோதனையின்போது உங்களுக்காகப் பேச அவர் வரமாட்டார். கோப்புத் திறக்கும் நாளிலேயே பணமூலப் படிவத்தை அனுப்பினால் இந்த நெருக்கடியில் பெரும்பகுதி வராது.

7. சந்தேக அறிக்கை: என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது

ஊழியர் சந்தேகத்தை எம்.எல்.ஆர்.ஓ.விடம் எழுத்தில் சொல்கிறார். அவர் தீர்மானித்து தேசியக் குற்றவியல் முகமையின் இணையத்தளம் வழியாக அறிக்கை அனுப்புகிறார். கட்டணம் இல்லை. வேலையைத் தொடர ஒப்புதல் கேட்டிருந்தால், அனுப்பியதற்கு அடுத்த வேலைநாளிலிருந்து 7 வேலைநாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மறுப்பு வராவிட்டால் தொடரலாம். மறுப்பு வந்தால் மேலும் 31 நாள் நிற்க வேண்டும், நீதிமன்றம் அதை நீட்டவும் கூடும். எம்.எல்.ஆர்.ஓ விடுமுறையில் போனால் பதிலாள் யார் என்று முன்பே எழுதி வையுங்கள்.

அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளரிடமோ, அவரை அனுப்பிவைத்த தரகரிடமோ சொல்லக் கூடாது. சொன்னால் 2 வருடம் வரை சிறை. அறிவிக்க வேண்டியதை அறிவிக்காமல் விட்டால் 5 வருடம் வரை. இதற்குப் பயந்து பலர் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். வழமையாகக் கேட்கும் ஆவணத்தைக் கேட்பது குற்றமாகாது, தாராளமாகக் கேளுங்கள்.

அறிக்கையின் பிரதியும் அது பற்றிய குறிப்புகளும் வாடிக்கையாளர் கோப்பில் இருக்கக் கூடாது. எம்.எல்.ஆர்.ஓ.விடம் பூட்டிய தனிக் கோப்பு ஒன்று வேண்டும். வாடிக்கையாளர் வேறு சொலிசிட்டரிடம் போகும்போது கோப்பு முழுதாகக் கைமாறும், அப்போதுதான் இது வெளியே தெரிந்துவிடும். வழக்கறிஞர், வாடிக்கையாளர் இரகசியத்தின் கீழ் வரும் தகவல் என்றால் நிலைமை வேறு. அனுப்பும் முன் அதைத் தனியாகச் சிந்தித்து, சிந்தித்ததை எழுதுங்கள்.

8. எஃப்.சி.ஏ.க்காக இன்றே தொடங்கக்கூடிய எண் கணக்கு

எஃப்.சி.ஏ வங்கிகளையும் கடன் நிறுவனங்களையும் பார்த்துப் பழகிய இடம். தன் கீழுள்ள பல நிறுவனங்களிடம் வருடந்தோறும் நிதிக்குற்ற அறிக்கை வாங்குகிறது. எத்தனை உயர் இடர் வாடிக்கையாளர்கள், எத்தனை அரசியல் பதவியாளர்கள், எத்தனை சந்தேக அறிக்கைகள், எந்தெந்த நாடுகள் என்று எண்ணிக்கையாகக் கேட்கும். சொலிசிட்டர்களிடமும் அதே மாதிரிக் கேள்விகளை எதிர்பார்த்துத் தயாராவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரு எக்செல் தாள் போதும். கோப்பு எண், வேலை வகை, இடர் நிலை, பணம் வந்த நாடு, அரசியல் பதவியாளரா, நேரில் சந்தித்தோமா, பணமூலம் முடிந்த தேதி. கோப்புத் திறக்கும்போது ஒரு வரி சேர்க்க ஐந்து நிமிடம். வருட முடிவில் பழைய கோப்புகளைக் கிளறி எடுப்பதென்றால் வாரக்கணக்கு.

அதே தாளில் இன்னொரு பக்கம் பயிற்சிக்கு. யார், எந்தத் தேதி, எதைப் பற்றி. வரவேற்பு மேசையிலிருப்பவரையும் சேருங்கள், ரொக்கக் கட்டோடு வருபவரை முதலில் பார்ப்பது அவர்தான். மூன்றாவது பக்கம் அழிக்க வேண்டிய தேதிகளுக்கு. 5 வருடம் முடிந்த அடையாள ஆவணங்களை, வேறு சட்டக் காரணம் இல்லாவிட்டால், வைத்திருக்கக் கூடாது.

9. எவ்வளவு செலவாகும்?

படிவங்கள், வழிகாட்டல், தடைப்பட்டியல், சந்தேக அறிக்கை எல்லாம் இலவசம். மின்னணு அடையாளச் சோதனைக்கு ஆளுக்குச் சில பவுண்ட். அதை வாடிக்கையாளரிடம் வாங்குவதானால் முதல் கட்டணக் கடிதத்திலேயே எழுத வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவை யார் தாங்குவது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பொருளாதாரக் குற்ற வரி பற்றிக் கேட்டுப் பயப்பட வேண்டாம், வருட வருமானம் 10.2 மில்லியன் பவுண்டுக்குக் கீழ் என்றால் அது இல்லை.

சுயாதீனத் தணிக்கை உங்கள் அளவுக்கும் வேலைவகைக்கும் தேவையா என்று தீர்மானித்து, தேவையில்லை என்றால் காரணத்தை எழுதுங்கள். எழுதாமல் விட்டால், யோசித்துத் தீர்மானித்ததைக் காட்ட வழியில்லை. தேவை என்றால் இன்னொரு சிறிய அலுவலகத்தோடு பேசி, அவர்கள் வேலையை நீங்களும் உங்கள் வேலையை அவர்களும் பார்ப்பது மலிவான வழி. வாடிக்கையாளர் இரகசியத்துக்கான ஒப்பந்தத்தை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எஃப்.சி.ஏ நடப்பது அது மேற்பார்வை செய்யும் நிறுவனங்களின் கட்டணத்தில். அதனால் அடுத்த வருடங்களுக்கான வரவு செலவில் எஸ்.ஆர்.ஏ கட்டணத்துக்குக் கீழே இன்னொரு வரி விட்டுவையுங்கள். எங்கள் கணக்காளரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.